போனில் வருகிறது, கணினியில் வரவில்லையே!

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீட்டு இணையம் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னாலும் சொன்னேன், மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறது. ஊர் பெயரும் ஆள் பெயரும் மாறுகிறதே தவிர புலம்பல் ஏறக்குறைய ஒன்றுதான்: கைபேசியில் ஒழுங்காக ஓடும் வைஃபை, மேசைக் கணினியில் மட்டும் மக்கர் செய்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஒன்றுக்குச் சொன்னால் பத்துப் பேருக்கு உதவும் என்று தோன்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் நாலறை வீடு. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. ஸூம் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் போதும், படம் அப்படியே நின்றுவிடுகிறது. சில நேரம் வைஃபையே அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அதே அறையில் போனில் யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. உதவி எண்ணுக்கு அழைத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள், மூன்று முறை போட்டாயிற்று. புது ரவுட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் எனக்கு ஒரு சந்தேகம். போனில் ஓடுவது உங்கள் வீட்டு வைஃபைதானா? வைஃபை கொஞ்சம் மங்கினால் இப்போதைய போன்கள் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாமும் 'பார், போனில் நன்றாக வருகிறது' என்று கணினியைத் திட்டிக்கொண்டிருப்போம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போனைக் கணினிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதாவது மேசைக்குக் கீழேயே வைத்துப் பாருங்கள். அங்கே போனும் திணறினால் கோளாறு கணினியில் இல்லை, அந்த மூலைக்கு அலை சரியாக வந்து சேரவில்லை.

போன் அங்கேயும் நன்றாக ஓடுகிறது என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். இதற்குப் பத்து நிமிடம் போதும், காசு செலவில்லை. விண்டோஸ் தேடல் கட்டத்தில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி என்டர் போடுங்கள். கொட்டுகிற வரிகளில் 'டீஃபால்ட் கேட்வே' என்று ஒரு வரி இருக்கும், அதன் எதிரே 192.168.1.1 அல்லது 192.168.1.254 போல ஓர் எண். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. இப்போது பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண், இன்னோர் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் டி என்ற சின்ன எழுத்தும். என்டர் போட்டால் விநாடிக்கு ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த வரிகளை ஓடவிட்டபடியே உங்கள் கூட்டத்தில் பேசுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் 'டைம்' என்று ஒரு எண் வரும். 2, 3, 5 என்று ஒற்றை இலக்கத்தில் நின்றால் நல்லது. திடீரென்று 200, 400 என்று எகிறினாலோ, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ, உங்கள் கணினியும் உங்கள் ரவுட்டரும் ஒரே வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியாமல் தவிக்கின்றன என்று பொருள். அப்படியானால் இணைய நிறுவனத்தின்மேல் பழி போட முடியாது, கடலடிக் கேபிளையும் குறை சொல்ல முடியாது. எண் சீராக நின்று, அதே சோதனையை வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குச் செய்யும்போது மட்டும் எகிறினால், கோளாறு ரவுட்டருக்கு அப்பால். அப்போது உதவி எண்ணுக்கு அழைத்து 'கேட்வே வரை சுத்தமாக இருக்கிறது, அதற்கு வெளியேதான் அறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் குரலே மாறும். இரண்டும் சீராக இருந்தும் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தகராறு. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் வகைதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் வீட்டில் நானே எட்டு மாதம் இதில் மாட்டிக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் சொல்லிப் பூட்டவைத்த கணினி. முதல் நாளிலிருந்தே வைஃபை இரண்டு கோடுதான் காட்டும். இணைய நிறுவனத்துக்குக் கோபமாக இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், திட்டத்தைக்கூட மாற்றினேன். ஒரு நாள் அலமாரிமேல் இருந்த மதர்போர்டு (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தால் உள்ளே ஏதோ கடகடவென்றது. பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்காத இரண்டு ஆன்டெனா! கணினியின் முதுகில் மஞ்சள் நிறத்தில் திருகு மரையோடு இரண்டு சின்னக் காம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் முறுக்கி மாட்ட வேண்டியவை. கடைக்காரர் மாட்டவில்லை, நானும் பார்க்கவில்லை. இதில் வஞ்சகம் என்னவென்றால், ஆன்டெனா இல்லாவிட்டாலும் வைஃபை அடியோடு நின்றுபோகாது. பக்கத்தில் இருந்தால் ஒட்டும், யாராவது குறுக்கே நடந்தால் அறுந்துவிடும், நமக்கு அது வைஃபையின் குணம் என்றே தோன்றும்.

எனவே ஒரு கைவிளக்கோடு மேசைக்கு அடியில் நுழைந்து பின்பக்கம் பாருங்கள். ஆன்டெனா மாட்டியிருந்தாலும் இடம் முக்கியம். மேசைக் கணினி என்பது ஓர் இரும்புப் பெட்டி, அதன் முதுகில் ஆன்டெனா, முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் ரவுட்டர். அலை அந்த இரும்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதை நாம் கையில் தூக்கி நல்ல இடத்தில் வைத்துக்கொள்கிறோம். பெட்டியைத் திருப்பி வைக்கலாம், அல்லது ஒரு மீட்டர் கேபிளோடு காந்த அடி வைத்த ஆன்டெனா கிடைக்கிறது, சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதை மேசைமேல் திரைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

அப்புறம் ஒன்று. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையில் உங்கள் வைஃபை கார்டை இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் 'மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய கணினிகளில் அந்தத் தாவலே இருக்காது, இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

கேள்வி: எங்கள் ரவுட்டரில் ஒரே பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இன்னொரு பெயரும் வருகிறது. அதில் சேர்ந்தால் போன் கட்டணம் ஏறுமா? கணினியை எதில் சேர்க்க வேண்டும்? (தோ பாயோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஏறாது ஐயா. போன் நிறுவனங்கள் விற்கும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை. ரவுட்டரில் உள்ளது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், உறவு எதுவும் இல்லை. இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அது சுவர் தாண்டி அதிக தூரம் போகும், ஆனால் மெதுவானது, அதோடு புளோக்கில் எல்லாருக்கும் அது பொதுச்சாலை. அதில் ஒன்றோடொன்று இடிக்காத தடங்கள் (சேனல்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் அந்த மூன்றில்தான் முண்டியடிக்க வேண்டும். கணினி ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5-ல் சேருங்கள். விண்டோஸ் தானாக எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க, வைஃபை அமைப்பில் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரியில் தெரியும்.

5-லும் ஒரு சின்னக் குறை உண்டு. அதன் தடங்களில் சில ரேடார்களும் பயன்படுத்துபவை, ரேடார் சமிக்ஞை என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தத் தடத்தைவிட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. வீட்டில் எல்லாச் சாதனமும் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் அறுந்து திரும்பி வந்தால் அதுவாக இருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் தடத்தை 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்திவிடுங்கள், அங்கே அந்தத் தொந்தரவு இல்லை.

கேள்வி: படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க ஆரம்பித்தால் இணையம் நின்றுவிடுகிறது, டிஸ்க்கைப் பிடுங்கினால் வந்துவிடுகிறது. கணவர் என்னை நம்ப மறுக்கிறார். (ஈசூன் வாசகி)

பதில்: நம்பச் சொல்லுங்கள். யுஎஸ்பி 3.0 சாதனங்களும் அவற்றின் கேபிள்களும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கசியவிடும், இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டது. உங்கள் வைஃபை, நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகிய ஒரு கட்டைவிரல் அளவு யுஎஸ்பி அடாப்டராகத்தான் இருக்கும். சரியா? அதன் காதுக்குள் போய் டிஸ்க் கத்துகிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி அடாப்டரைத் தள்ளி மேசைமேல் வையுங்கள், டிஸ்க்கை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்துவிட்டால் பிரச்சினையே பெரும்பாலும் போய்விடும். வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டுத் துள்ளுவதற்கும் பல வீடுகளில் இதே காரணம்தான்.

கேள்வி: பொங்கோலில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முன்பதிவு பெற்றுக் கட்டித்தரும் புது பிடிஓ வீடு. ஃபைபர் பெட்டி பாம் ஷெல்டருக்குள் வருகிறது, ரவுட்டரையும் அங்கேயே வைத்துவிட்டோம், வரவேற்பறை அழகாக இருக்கிறது. ஆனால் மகனின் அறையில் கணினிக்கு ஒரு கோடுதான். பல பெட்டிகளை வைத்து வீடு முழுக்க வைஃபை பரப்பும் மெஷ் செட் 400 வெள்ளி சொல்கிறார்கள்.

பதில்: வரவேற்பறை அழகாகத்தான் இருக்கும், ரவுட்டரைச் சிறையில் அல்லவா வைத்திருக்கிறீர்கள்! 1997-ல் வந்த குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகள் பெரும்பாலானவற்றில் இந்த அறை உண்டு. குண்டு வெடித்தால் தாங்குவதற்காகக் கம்பி நிறையக் கட்டிய கனமான கான்கிரீட், அதற்கு ஓர் இரும்புக் கதவு. வெடியையே தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? அரிசி மூட்டை, தீபாவளிப் பெட்டி, பழைய மின்விசிறி எல்லாம் அடைத்துக் கதவையும் சாத்திவிட்டால் உள்ளே வெப்பம் வேறு ஏறும், ரவுட்டர் சூடானால் தானே தள்ளாடும். சுவரைக் குடைந்து கேபிள் விடலாமா என்று ஒப்பந்தக்காரர் யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தச் சுவரைக் குடைய அனுமதி இல்லை.

400 வெள்ளியை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு விஷயம் பாருங்கள். புதிய பிடிஓ வீடுகள் பலவற்றில் படுக்கையறைச் சுவரில், மின்செருகிக்குப் பக்கத்தில், போன் துளையைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு துளை இருக்கும். அதுதான் கேபிள் வழியாக இணையம் தரும் லேன் துளை. ஒவ்வொரு அறையின் துளையிலிருந்தும் சுவருக்குள்ளேயே கேபிள் ஓடி, ஃபைபர் பெட்டி இருக்கும் இடத்துக்கே வந்து ஒரு சின்னப் பலகையில் வரிசையாக முடிகிறது. பலர் வீட்டுக்குக் குடிவந்து வருஷக் கணக்கில் அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அதன் முன்னால் துடைப்பம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ரவுட்டரின் லேன் துளையிலிருந்து அந்தப் பலகையில் மகன் அறைக்குரிய துளைக்கு ஒரு குட்டிக் கேபிள், மகன் அறைத் துளையிலிருந்து கணினிக்கு இன்னொரு கேபிள். முடிந்தது. வைஃபையே தேவையில்லை. மேசைக் கணினி நடமாடுகிற பொருளா என்ன, அதற்கு எதற்கு வயர்லெஸ்?

போன்களுக்கும் நல்ல வைஃபை வேண்டுமென்றால், அதே வழியில் வரவேற்பறைத் துளைக்கு இணைப்பு கொடுத்து ரவுட்டரை அல்லது மெஷ்ஷின் ஒரு பெட்டியை வெளியே கொண்டுவாருங்கள். கேபிள் இல்லாமல் மெஷ் வைப்பவர்கள் பொதுவாகச் செய்யும் தப்பு, இரண்டாவது பெட்டியை அலை வராத அறைக்குள்ளேயே வைப்பது. அங்கே அலை வராததால்தானே வாங்கினீர்கள், அந்தப் பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பாதி வழியில், அலை இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

துளைகள் இல்லாத பழைய வீடு என்றால் சுவரோரமாகத் தட்டைக் கேபிளை ஒட்டி, கதவுக்கு அடியில் விடலாம். அழகு போகிறது என்று வீட்டில் சண்டை வரும், அது உங்கள் பாடு. இல்லாவிட்டால் மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் ஹோம்பிளக் ஜோடி இருக்கிறது. அதை நேராகச் சுவர்த் துளையில்தான் செருக வேண்டும், நீட்டிப்புப் பலகையில் செருகினால் வேகம் படுத்துவிடும். பெட்டிமேல் அச்சடித்த வேகத்தை நம்பாதீர்கள், அதில் ஒரு பங்குதான் கைக்கு வரும், இருந்தாலும் ஸூமுக்குத் தாராளம்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட் முடிந்து பார்த்தால் வைஃபை சின்னத்தையே காணோம். வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கு என்கிறார்கள். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? (உட்லண்ட்ஸ், தொழிற்கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்திக் கொடுக்கும், டேட்டாகூடச் செலவாகாது.

அதற்கு முன்னால் இலவச வைத்தியம் ஒன்று. கணினியை ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போடுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான், வைஃபை கார்டு பழைய குழப்பத்தோடேயே விழித்துக்கொள்ளும். அதிலும் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் தாவலில் 'ரோல் பேக்' அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் மட்டும் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் இறக்குங்கள். 'டிரைவர் பூஸ்டர்' மாதிரிப் பெயரில் தேடலில் முதலில் வந்து விழுகிறவற்றைத் தொடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்னும் அதில்தான் இருக்கிறீர்கள் என்றால் புது டிரைவர் தேடுவது வரவரக் கஷ்டமாகும்.

கேள்வி: 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) திட்டத்துக்குக் காசு கட்டுகிறேன். கணினியில் வேகச் சோதனை செய்தால் எப்போதும் 94 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. 10 ஜிபிபிஎஸ்-க்கு மாறினால் சரியாகுமா? (தெம்பனிஸ்)

பதில்: 94 என்றால் எனக்குப் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி. கேபிளில்தானே இணைத்திருக்கிறீர்கள்? லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். எட்டும் நன்றாக இருந்தால் 1,000, அதில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கி நிற்கலாம், சோதனையில் அது 94, 95 என்று காட்டும். முனையை நாற்காலி ஏறி நசுக்கியிருக்கும், அல்லது பழைய கேபிளாக இருக்கும். கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் ஒன்று வாங்கி மாற்றுங்கள், கோப்பியும் புரோட்டாவும் சாப்பிடும் காசுதான்.

10 ஜிபிபிஎஸ் இப்போது எல்லா நிறுவனமும் கூவிக் கூவி விற்கிறது. நாட்டின் அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை அந்த வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024-ல் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் உங்கள் கணினியின் லேன் துளை 1-க்குமேல் வாங்காது என்றால், ஆறு தடச் சாலையைப் போட்டு வீட்டு வாசலில் ஒற்றையடிப் பாதை வைத்த கதைதான். மாதா மாதம் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்?

கேள்வி: ஊரிலிருந்து வேலைக்கு வந்து பிடோக்கில் வாடகை அறையில் இருக்கிறேன். ரவுட்டர் வீட்டு உரிமையாளரான ஆன்ட்டியின் அறையில், அலமாரிக்குள். அதைத் தொட முடியாது. என் கணினியில் இரவு எட்டு மணிக்குமேல் வைஃபை செத்துவிடுகிறது.

பதில்: உங்கள் நிலை எனக்குப் புரிகிறது, நானும் அப்படி மூன்று அறை மாறியவன்தான். எட்டு மணிக்குமேல் இரண்டு கதவும் சாத்தியிருக்கும், அதே நேரத்தில் புளோக் முழுக்கத் தொடர் பார்க்கும். எது காரணம் என்று தெரிய, முதல் பதிலில் சொன்ன பிங் சோதனையை ரவுட்டருக்கு ஓடவிட்டு உங்கள் கதவை ஒரு முறை திறந்து ஒரு முறை சாத்திப் பாருங்கள். எண் கதவோடு சேர்ந்து ஏறி இறங்கினால், 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிற நீள ஆன்டெனா அடாப்டர் ஒன்று வாங்கி, நீட்டிப்புக் கேபிளில் கதவுப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோய் ஒட்டிவிடுங்கள். வேறு அறைக்கு மாறினாலும் கூடவே வரும் பொருள். கதவுக்கு அசையவில்லை என்றால் தடம் நெரிசல், அதை ரவுட்டரில்தான் மாற்ற முடியும். கேட்காமல், அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் எதையும் வாங்கிச் செருகாதீர்கள், மின்கட்டணப் பேச்சு வரும். அந்த ஆன்ட்டி டிவி பார்க்கும் நேரம் தவிர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சோடு பேச்சாக, 'ஆன்ட்டி, ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து மேலே வைத்தால் உங்கள் டிவியும் நிற்காமல் ஓடும்' என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய டிவியும் அதே நேரத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.